உபரியாக ஒரு மூன்றாம் இதழ்

எனக்குக் கோபம் வரும் என்பது எங்கள் நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினால் வரும். எடுத்த இதழை வேறு அடுக்கில் செருகினால் வரும். "உங்களுக்கென்ன மேடம், சும்மா உட்கார்ந்திருக்கிற வேலை" என்று யாராவது ஆரம்பித்தால் அன்று மாலை பேருந்து ஏறும்வரை இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லப்போகும் விஷயத்தில் தவறு செய்ததும் நான்தான், கோபப்பட்டதும் நான்தான்.

பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீன்வளப் பயிற்சி நிலையத்தில் நான் நூலகர். நூலகர் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நீள அறை, பதினோரு அலமாரி, ஒரு மேசை, மழைக்கு ஒழுகும் ஒரு மூலை. உதவிக்கு ஆள் கிடையாது. வீடு அனுப்பம்பட்டில். காலையில் பொன்னேரி போய், திருப்பாலைவனம் வழியாக வரும் பேருந்தைப் பிடித்தால் ஒன்பதரைக்குள் அறையைத் திறந்துவிடலாம். இருபது வருடங்களாக அப்படித்தான் திறந்துகொண்டிருக்கிறேன்.

எங்கள் வேலையில் வெளியில் யாருக்கும் தெரியாத ஒரு பழக்கம் உண்டு. எந்த நூலகத்திலும் சில இதழ்கள் இரண்டிரண்டாக இருக்கும். சில இதழ்கள் வந்தே இருக்காது. தபாலில் தொலைந்திருக்கும், கரையான் தின்றிருக்கும், யாராவது பெரிய அதிகாரி வீட்டுக்கு எடுத்துப்போய் மறந்திருப்பார். ஒரு வருடத்து இதழ்கள் முழுவதும் சேராமல் அவற்றைத் தைத்து அட்டை போட முடியாது. சணல் கயிற்றில் கட்டி அப்படியே அடுக்கில் கிடக்கும். அதனால் நூலகர்கள் ஒருவருக்கொருவர் இரண்டு பட்டியல்கள் அனுப்பிக்கொள்வோம். ஒன்று "எங்களிடம் இல்லாதவை." இன்னொன்று "எங்களிடம் உபரியாக உள்ளவை." உங்களிடம் அதிகமாக இருப்பது எனக்குக் குறைகிறது என்றால் அனுப்பிவைப்பீர்கள். எனக்கு அதிகமாக இருப்பதை நான் அனுப்புவேன். விலை என்ற பேச்சே கிடையாது. முன்பெல்லாம் தட்டச்சு செய்து தபாலில் அனுப்பினோம். இப்போது கைபேசியில் ஒரு குழு வைத்திருக்கிறோம். காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே பட்டியலும் வரும்.

இந்தக் குழுவில் இருக்கிறவர்களில் ஒருவரைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் எனக்கு யார் யாரிடம் நன்றிக்கடன் இருக்கிறது என்று கேட்டால், சொந்தக்காரர்களுக்கு முன்னால் இவர்கள் பெயர்தான் வாயில் வரும். என் அலமாரிகளில் முழுதாக நிற்கும் ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் எங்கோ ஓர் ஊரில் ஒருவர் ஏணியில் ஏறித் தூசி தட்டி எடுத்த ஓர் இதழ் இருக்கிறது.

அவர்களில் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் இருக்கும் நூலகர் ஒருவரை மட்டும் கொஞ்சம் தனியாகச் சொல்ல வேண்டும். அவருக்குப் பாதி காலியான பார்சல் அனுப்பப் பிடிக்காது. தபால் எடை ஒரு கிலோ வரைக்கும் ஒரே கட்டணம் என்றால் ஒரு கிலோவும் நிறைய வேண்டும். ஓர் இதழ் கேட்டால் நாலு வரும். நடுவில் ஒரு துண்டுச் சீட்டில், "நலம். இடம் இருந்தது, உபரியில் கிடந்தவற்றையும் வைத்திருக்கிறேன்" என்று பச்சை மையில் எழுதியிருப்பார். நான் கேட்காததையெல்லாம் அனுப்பி என் மேசைக்கடியில் குவியல் வளர்த்துவிடுகிறாரே என்று வருடக்கணக்காக அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இனி அந்தப் பெண்.

ஏரியில் இறங்கிக் கையாலேயே இறாலும் நண்டும் பிடிக்கும் குடும்பங்களில் ஒருத்தி. வலை, படகு எதுவும் கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைத் தடவித் தடவி விரலுக்குத் தட்டுப்படுவதைப் பிடித்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருக்கும் ஓலைக் கூடையான பறிக்குள் போட்டுக்கொள்வார்கள். அவளுக்கு என் வயதுதான் இருக்கும், நாற்பத்தைந்து சொச்சம். பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் டேக்சா என்ற அகன்ற அலுமினியப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சனிக்கிழமைகளில் அவளிடம்தான் இறால் வாங்குவேன். விலை கேட்டு நான் முகத்தைச் சுளிப்பதும், "ஏரில எறங்கிப் பாரு மேடம், அப்பால பேசு" என்று அவள் சொல்வதும் வாரந்தோறும் நடக்கும்.

ஓர் ஆடி மாதச் சனிக்கிழமை, இறாலைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் பையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், நீ அந்தப் புஸ்தக ரூம்ல தானே கீற?"

"ஆமா. ஏன்?"

"எங்கம்மா படம் ஒரு புஸ்தகத்துல வந்துச்சு. உன் ஆபீஸ்ல இருக்குதான்னு பாக்கணும்."

அவள் சொன்னது இதுதான். அவளுக்குப் பத்து பன்னிரண்டு வயது இருக்கும்போது ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து, அவள் அம்மா இறால் பிடிப்பதைப் படம் எடுத்துக்கொண்டு போனார். சில மாதம் கழித்து அச்சடித்த புத்தகத்தோடு வந்தார். கரையில் நின்று படம் இருந்த பக்கத்தை விரித்துத் தூக்கிக் காட்டினார். எல்லோரும் முட்டி மோதிப் பார்த்தார்கள். அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தாள். ஒரு பிரதிதான் இருக்கிறது, ஆபீசுக்கு வேண்டும் என்று அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"அப்பால ரெண்டு வருஷத்துல எங்கம்மா பூட்டா. ஓட்டுக் கார்டுக்குப் படம் புடிக்க வர்றதுக்கு முந்தியே. வேற படமே கெடையாது மேடம். எங்க நைனா படம்கூட ரேஷன் கார்டுல கீது. அம்மாவுதுதான் ஒண்ணுகூட இல்ல."

தை மாதத்தில் அவள் மகளுக்குக் கல்யாணம். முதல்நாள் வீட்டில் போய்ச் சேர்ந்தவர்களின் படங்களை வைத்துப் படையல் போட்டு, பெண்ணைக் கும்பிடச் சொல்வார்கள். அவள் புருஷன் வீட்டார் தங்கள் பக்கத்துப் படங்களைக் கொண்டுவந்து வைப்பார்கள்.

"எங்கம்மா எடத்துல நான் இன்னாத்த வைக்கிறது? வெறும் செம்பா?" என்றாள்.

பார்க்கிறேன் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். ஓர் இதழைத் தேடச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் ஒரு மிதப்பு வரும்.

திங்கட்கிழமை தேடினேன். அது எந்தப் பத்திரிகை என்று கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அந்தக் காலத்தில் ஏரிக்கு ஜீப்பில் வந்து படம் எடுத்துப் போட்ட தமிழ்க் காலாண்டிதழ் ஒன்றுதான். எப்போதோ நின்றுபோய்விட்டது. நடத்தியவர்களும் இல்லை, யாரும் அதை இணையத்தில் ஏற்றவும் இல்லை. அவள் சொன்ன வயதைக் கணக்குப் பண்ணி, முன்னும் பின்னும் மூன்று வருடத் தொகுதிகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். படம் இல்லை. பாக்கி இருந்தது ஒரே ஓர் இதழ். ஒரு வருடத்துக் கட்டில் ஒன்று, இரண்டு, மூன்று இருந்தன. நான்கைக் காணோம். அந்த நான்கு என் "இல்லாதவை" பட்டியலில் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்தே இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் கேட்பேன், ஒருவரும் தந்ததில்லை.

குழுவில் மறுபடி போட்டேன். இந்த முறை வேண்டுகோளாகவே போட்டேன். இப்படி ஒரு பெண், இப்படி ஒரு படம், தை மாதத்துக்குள் வேண்டும் என்றெல்லாம் எழுதினேன். நம்ப மாட்டீர்கள், அன்று காலை வணக்கப் பூக்களே நின்றுவிட்டன. ஞாயிற்றுக்கிழமை போய்க் கதவைத் திறந்து தேடினேன் என்று ஒருவர் எழுதினார். ஓய்வுபெற்ற நூலகர் ஒருவருக்குப் போன் போட்டுக் கேட்டேன் என்று இன்னொருவர். ஆனால் பதில் மட்டும் எல்லாரிடமிருந்தும் அச்சடித்த மாதிரி ஒன்றே வந்தது. நான்கு எங்களிடமும் இல்லை, மூன்று வேண்டுமானால் உபரியாக இருக்கிறது.

மூன்று என்னிடம் இருக்கிறது ஐயா என்று எழுதி எழுதி எனக்கு விரல் வலித்தது. அரைக்கால் நிமிடம் உட்கார்ந்து யோசித்திருந்தால் போதும். எல்லா நூலகத்திலும் ஒரே இதழ் எப்படிக் காணாமல் போகும், எல்லா நூலகத்திலும் அதே மூன்று எப்படி இரண்டிரண்டாக இருக்கும் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கோபப்படுகிறவளுக்கு யோசிக்க ஏது நேரம்.

தெற்கத்தி நூலகர் மட்டும் பதில் எழுதவில்லை, பார்சலே அனுப்பிவிட்டார். வேறு ஏதோ பழைய ஆண்டறிக்கை ஒன்றை நான் கேட்டிருந்தேன். அதோடு எடைக்கு எடை சரிக்கட்ட நாலைந்தை வைத்துக் கட்டியிருந்தார். அதிலும் அந்த மூன்று. துண்டுச் சீட்டில், "நான்கு கிடைக்கவில்லை, வருத்தம். மூன்று இருந்தது, வைத்திருக்கிறேன்." மேல்அட்டையைப் பார்த்தேன். இதழ் மூன்று, ஜூலை–செப்டம்பர். "இந்த மனுஷனுக்கு வேற வேலை இல்லை" என்று வாய்விட்டே சொல்லி, மேசைக்கடிக் குவியலில் போட்டேன்.

சனிக்கிழமைதோறும் அவள் கேட்பாள். "வந்துச்சா மேடம்?" ஆவணி போனது, புரட்டாசி போனது. இறாலைக்கூட ஒரு கைப்பிடி அதிகமாகப் போட ஆரம்பித்தாள். அது எனக்கு இன்னும் உறுத்தியது. வேண்டாம் என்றால் கேட்பதில்லை. ஐப்பசியில் ஒருநாள், பேருந்துக்கு நேரமாகிவிட்ட எரிச்சலில் சொல்லிவிட்டேன்.

"எம்மா, தமிழ்நாடு முழுக்கக் கேட்டாச்சு. யார்கிட்டயும் அந்த நாலாவது இல்லை. எனக்கென்னவோ அப்படி ஒண்ணு அச்சாகவே இல்லைன்னுதான் தோணுது. நீ வேற எதையோ பாத்திருப்ப."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நான் பாத்தேன் மேடம். அந்தாளு தூக்கிப் புடிச்சிக்கினு நின்னாரு. பின்னாடி பச்சக் கலர்ல வலை படம் போட்டிருந்துச்சு. கிளிப்பச்ச. எனுக்கு இன்னும் கண்ணுல கீது."

பின்னட்டையை வைத்து எந்த நூலகர் தேடுவார்? முன்னட்டையில் பெயர், எண், மாதம் மூன்றும் சரியாக இருந்தால் எங்களுக்குப் போதும். பின்னட்டையில் வலைக் கம்பெனி விளம்பரம் இருந்தால் என்ன, ஐஸ் பெட்டி விளம்பரம் இருந்தால் என்ன? தலையை ஆட்டிவிட்டுப் பேருந்தில் ஏறிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை அவள் கேட்கவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் கேட்கவில்லை. கூடுதல் கைப்பிடி மட்டும் எப்போதும்போல் விழுந்தது.

கார்த்திகையில் ஒருநாள் காலையிலிருந்தே மழை. பதினோரு மணி இருக்கும். அறை வாசலில் டேக்சாவோடு வந்து நின்றாள். நிறுத்தத்துக் கூரை பறந்துவிட்டதாம், கொஞ்ச நேரம் ஒதுங்கிக்கொள்கிறேன் என்றாள்.

"உள்ள வா. ஆனா அந்த டேக்சா வெளியிலயே இருக்கட்டும். இறால் தண்ணி ஒரு சொட்டு இங்க சிந்தக் கூடாது" என்றேன். அவள் டேக்சாவை வராந்தாவில் வைத்து, சாக்கைப் போட்டு மூடிவிட்டு வந்தாள். நாற்காலியைக் காட்டினேன். ஈரச் சீலையோடு வேண்டாம் என்று மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். எனக்கு மூலையில் ஒழுகும் இடத்துக்கு வாளி வைக்கிற வேலை இருந்தது.

நான் வாளி வைத்துவிட்டுத் திரும்புகையில் அவள் மேசைக்கடிக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுங்களத் தொட்லாமா மேடம்?"

என்னிடமிருந்த துண்டைக் கொடுத்து, "நல்லாத் துடைச்சிட்டுத் தொடு" என்றேன். அவள் இரண்டு கையையும், விரல் இடுக்குகளையும், மறுபடி ஒருமுறை இரண்டு கையையும் துடைத்தாள். படிக்கத் தெரியாதவள் என்பதால் அவளுக்கு முன் என்றும் பின் என்றும் இல்லை. குவியலில் எல்லாமே குப்புறக் கிடந்தன. கிடந்தபடியே ஒவ்வொன்றாக எடுத்து, பின்னட்டையைப் பார்த்து, பக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தாள். நான் கணினி முன் உட்கார்ந்துவிட்டேன்.

"மேடம்."

"ம்."

"கிளிப்பச்ச."

திரும்பிப் பார்த்தேன். அவள் மடியில் ஓர் இதழ் குப்புற இருந்தது. பின்னட்டை முழுக்கக் கிளிப்பச்சை வலை. வாங்கித் திருப்பினேன். இதழ் மூன்று, ஜூலை–செப்டம்பர். எனக்கு மூக்குக்கு மேல் வந்தது.

"இது மூணும்மா. என்கிட்ட ஏற்கெனவே இருக்கு. அதுல உங்கம்மா படம் இல்ல."

"அத்த எடுத்தா, பாக்கலாம்."

சண்டையை முடிப்பதற்காகத்தான் சணல் கட்டை எடுத்து அவிழ்த்தேன். என்னுடைய மூன்றையும் அவள் கையிலிருந்த மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முன்னட்டை இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. திருப்பினேன். என்னுடையதில் ஐஸ் பெட்டி. அவளுடையதில் பச்சை வலை.

"ரெண்டும் வேற வேற தானே மேடம்?" என்றாள் மெதுவாக.

உள்ளே திறந்தேன். பொருளடக்கமே வேறு. பொருளடக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இதழ் நான்கு, அக்டோபர்–டிசம்பர் என்று இருந்தது. அச்சகத்தில் நான்காம் இதழுக்கு மூன்றாம் இதழின் முன்னட்டையை அப்படியே போட்டு ஓட்டிவிட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம். தமிழ்நாட்டிலுள்ள நூலகர்கள் அத்தனை பேரும் அதன் மேல்அட்டையைப் பார்த்து, அட, மூன்றாம் இதழ் இரண்டு வந்திருக்கிறது என்று ஒன்றை உபரியில் தள்ளிவிட்டு, நான்கு வரவில்லை என்று வருடக்கணக்கில் தேடிக்கொண்டிருந்திருக்கிறோம். எங்களைத் தவிர வேறு யாராலும் செய்திருக்க முடியாத தவறு. சாதாரணமாகப் படிக்கிற மனுஷன் யாராவது கையில் எடுத்திருந்தால் ஒரு பக்கம் புரட்டியிருப்பானே!

இன்னும் முடியவில்லை. முதல் பக்கத்தில் தெற்கத்தி நூலகத்தின் முத்திரை இருந்தது. அதற்கு மேலே சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்ட இன்னொரு முத்திரை. எங்கள் நிலையத்துடையது. பக்கத்தில் "உபரி" என்று எழுதி ஒரு கையெழுத்து. என் கையெழுத்து.

பரிமாற்றப் பதிவேட்டின் முதல் நோட்டை எடுத்துப் பார்த்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம். இதழ் மூன்று, உபரி ஒன்று, அனுப்பப்பட்டது. சேர்ந்த ஜோரில் அலமாரிகளை ஒழுங்கு பண்ணிவிட்டேன் என்று மேலதிகாரியிடம் பாராட்டு வாங்கிய வாரம் அது. இவளுடைய அம்மாவை இந்த அறையிலிருந்து பார்சல் கட்டி அனுப்பியவள் நான். அச்சாகவே இல்லை என்று இவள் முகத்துக்கு நேராகச் சொன்னவளும் நான். தெற்கே ஒருவர் அதைப் பழைய பேப்பருக்குப் போடாமல் இத்தனை வருடம் வைத்திருந்து, எடை நிறையவில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். அவரையும் திட்டியிருக்கிறேன்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் கையெழுத்தைக் காட்டினேன். "மன்னிச்சிடும்மா, நான்தான் அனுப்பிட்டேன்" என்றேன். அவள் காதில் அது விழுந்ததா என்றே தெரியவில்லை.

"வுடு மேடம். படத்தக் காட்டு."

நடுப்பக்கத்தில் இருந்தது. கறுப்பு வெள்ளைப் படம், பக்கம் முழுவதும். படத்தில் முகமே இல்லை. யாரோ கிட்டே போய்க் கீழ்நோக்கி எடுத்திருக்கிறார்கள். கலங்கிய தண்ணீர், ஓலைப் பறியின் வாய், தண்ணீருக்கு மேலே வந்த இரண்டு கைகள், ஒரு கையில் துள்ளும் இறால். அடியில், "கையால் இறால் பிடிக்கும் பெண்." பெயர்கூடப் போடவில்லை. இதற்காகவா ஆடியிலிருந்து இத்தனை பேரை ஏணியில் ஏற்றி இறக்கினேன் என்று இருந்தது. இதை வைத்து எப்படிப் படையல் போடுவாள்?

அவள் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிக்கொண்டாள். "என் நெனப்புல மூஞ்சி இருந்துச்சு மேடம்" என்றாள். "அந்தாளு தூக்கிக் காட்டும்போது நான் பின்பக்கம் நின்னுக்கினு இருந்தேன். எனுக்குப் பச்ச வலைதான் தெரிஞ்சுது. எல்லாரும் உங்கம்மா உங்கம்மான்னாங்க. நான் மூஞ்சின்னு நெனச்சிக்கினேன்."

பிறகு தன் வலது கையைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். விரல்களை அந்தக் கைபோலவே மடக்கினாள். படத்திலிருந்த கையின் ஆள்காட்டி விரல் நுனியில் வெளிப்பக்கமாகக் கோணியிருந்தது.

"நண்டு கடிச்சிது. நான் கைக்கொழந்தையா இருக்கசொல்ல. அப்பால அது நேராவவே இல்ல. சோறு ஊட்டும்போது அந்த வெரலு மட்டும் கன்னத்துல படும்." படத்திலிருந்த அந்த விரலைத் தொட்டாள். "எங்கம்மா கைதான் மேடம் இது. எங்கம்மாவேதான்."

அவள் அழவில்லை. சிரித்தாள். அழுததெல்லாம் நான்தான்.

அந்தப் பக்கத்தை நன்றாக ஸ்கேன் செய்து எடுத்து, பெரிதாக்க அவளோடு நானே கடைவீதி ஸ்டூடியோவுக்குப் போனேன். ஸ்டூடியோக்காரர் திரையில் பார்த்துவிட்டு, "மூஞ்சி இல்லையேம்மா. உன் மூஞ்சியையே கொஞ்சம் வயசாக்கி மேல வெச்சுத் தரட்டா? பட்டுச்சேலகூடக் கட்டி வுட்டுடலாம். கம்ப்யூட்டர்ல அஞ்சு நிமிஷ வேல" என்றார். நல்ல மனதோடுதான் கேட்டார். எத்தனை வீடுகளில் செத்துப்போனவர்களுக்கு இவர் கோட்டும் பட்டும் போட்டு வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

"வேணாம்ணா. இருக்கறத மட்டும் போடு" என்றாள் அவள்.

அன்று மாலையே குழுவில் எழுதினேன். உங்கள் உபரி மூன்றைத் திறந்து உள்ளே பாருங்கள் என்று. என் கையெழுத்து இருந்த பக்கத்தையும் படம் பிடித்துப் போட்டேன். மறைக்க என்ன இருக்கிறது? ஒரு மணி நேரத்தில் கைபேசி அதிர ஆரம்பித்தது. "என்னிடம் நான்கு இருக்கிறது!" "மேடம், முப்பது வருடமாகக் காணாமல் போனது என் நாற்காலிக்குக் கீழே இருக்கிறது." "நான் உபரி மூன்று என்று இரண்டு பிரதி அனுப்பியிருக்கிறேனே, யாருக்கு அனுப்பினேன்?" ஒருவருக்கொருவர் குட்டிக்கொண்டோம், சிரித்தோம். தெற்கத்தி நூலகருக்கு மட்டும் தனியாக ஒரு கடிதம் எழுதினேன். அவரைத் திட்டியதையும் எழுதினேன். பச்சை மையில் பதில் வந்தது. "பார்சலில் இடம் இருந்ததால் வந்த வினை. நன்றி எனக்கெதற்கு? அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்."

தை மாதம் படையலன்று போனேன். ஏரிக்கரையில் தார்ப்பாய் பந்தல். புருஷன் வீட்டார் பக்கத்தில் மூன்று படங்கள், மூன்றிலும் முறைத்துப் பார்க்கும் முகங்கள். அவள் பக்கத்தில் நைனாவின் சின்னப் படத்தை ஒட்டி, கண்ணாடிச் சட்டத்துக்குள் இரண்டு கைகள். கனகாம்பரம் சுற்றியிருந்தாள். இதென்ன கையை வைத்திருக்கிறார்கள் என்று மாப்பிள்ளை வீட்டில் யாரோ கேட்டது என் காதிலேயே விழுந்தது. அவள் வெடுக்கென்று, "அந்தக் கைதான் என்னை வளத்துச்சு" என்றாள். கல்யாணப்பெண் குனிந்து அந்தக் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மாசியில் குழுவிலிருந்த ஒருவர் தன்னிடம் நான்காம் இதழ் உண்மையிலேயே இரண்டு இருப்பதாக எழுதி, ஒன்றை எனக்கு அனுப்பினார். எங்கள் தொகுதியைத் தைக்க அவளெடுத்த இதழ் இருந்தது. அதனால் வந்தது நிஜமான உபரி. இந்த முறை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் அந்தச் சொல்லை எழுதினேன். சனிக்கிழமை கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன். மறுபடி அவள் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டுதான் வாங்கினாள்.

பதிவேட்டில் எழுத வேண்டுமே. "எந்த நூலகத்துக்கு" என்ற கட்டத்தில் அவள் பெயரை எழுதினேன். தணிக்கைக்கு வந்த இளைஞர் அந்த வரியில் விரலை வைத்து, "இது தனிநபர் மேடம். பரிமாற்றம்னா பதிலுக்கு ஏதாவது வந்திருக்கணுமே?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. அதற்கடுத்த கட்டத்தைப் படிக்கச் சொன்னேன்.

"பதிலுக்குப் பெற்றது" என்ற கட்டத்தில், அதே வருடம், இதழ் நான்கு, பிரதி ஒன்று என்று எழுதியிருந்தேன்.